மழைப் பாட்டை வெயில் பாட்டென்று சொன்ன கதை

மொழிபெயர்ப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எனக்கு முன்பு ஓய்வு பெற்றவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். ஒருவருக்குத் தூதுவர் கை கொடுத்திருக்கிறார். இன்னொருவரை வெள்ளைக்காரர் கட்டிப்பிடித்துப் பாராட்டியிருக்கிறார். எல்லோரும் வெற்றி பெற்றே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். பிழை விட்ட ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. ஆகவே அதையே சொல்கிறேன். போட்டி இல்லாத இடம் எனக்கு வசதி.

சொல் தெரியாமல் தடுமாறுவதை நான் பிழை என்று சொல்லவில்லை. அதற்கு இப்போது உங்கள் கையில் தொலைபேசி இருக்கிறது. அது தப்புத் தப்பாக மொழிபெயர்த்தாலும் யாரையும் சந்தோஷப்படுத்துவதற்காகத் தப்பு விடாது. அந்தக் கெட்டித்தனம் எங்களுக்குத்தான் உண்டு.

எனக்கு அந்தக் கெட்டித்தனம் ஆரம்பத்திலேயே இருந்தது. நான் தொழில் பழகியது நீதிமன்றத்தில். அங்கே எனக்கு மேலே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், பெயர் வேண்டாம், பெயர் போட்டால் ஏசுவார். ஒரு நாள் சாட்சிக் கூண்டில் நின்ற மீன்காரர் ஒருவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் கழுதை என்று சொல்லிவிட்டார். நான் நீதவானிடம், கேள்வி தனக்கு விளங்கவில்லை என்று சாட்சி பணிவோடு தெரிவிக்கிறார் என்றேன். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த மூத்த மொழிபெயர்ப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அவன் ஏசினான். நீ பணிவு எண்டாய். இப்ப சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொன்னது ஆரு?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். பிறகு நீதிமன்றத்தை விட்டுவிட்டு நிறுவனங்களுக்கு மொழிபெயர்க்கப் போனேன். அங்கே பணிவு இல்லாமல் ஒரு வசனமும் நகராது. என்னுடைய பழைய வியாதிக்கு அதைவிட நல்ல காலநிலை கிடையாது. இருபத்தைந்து வருடம் அங்கே செழிப்பாக இருந்தேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்புதான் ஸெனாத் வந்தார். பொஸ்னியாக்காரர், அறுபது வயது தாண்டியவர், தானே எழுதித் தானே மெட்டமைத்துக் கிற்றார் வாசித்துப் பாடுகிறவர். அவருடைய நாட்டில் கல்யாண வீடு என்றால் அவருடைய பாட்டில்லாமல் முடியாதாம். மட்டக்களப்பில் அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவரை அழைத்து வந்த நிறுவனத்துக்கும் தெரியாது. இசையால் மனங்களை இணைப்பது என்று அவர்களிடம் ஒரு திட்டம் இருந்தது, அதற்கு வெளிநாட்டுப் பாடகர் ஒருவர் தேவைப்பட்டார், இவருக்கு அந்த மாதம் வேறு வேலை இல்லை. மனங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இணைகின்றன.

நிறுவனத்தின் திட்ட அலுவலர் ரூபன். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பிள்ளை. அவர் எழுதிவைத்திருந்த அறிமுகக் குறிப்பில் முதல் வரி, 'போரின் சாம்பலிலிருந்து எழுந்த குயில்'.

"குயில் சாம்பலுக்குள்ள இருந்து எழும்பாது தம்பி. அது வேற பறவை" என்றேன்.

"சனத்துக்குக் குயில்தான் மிஸ் விளங்கும்" என்றார் ரூபன்.

முதல் நாள் பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் சந்திப்பு. ஸெனாத் ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். தன் வாழ்க்கையைச் சொல்லும்படி கேட்டார்கள். "நாங்கள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்தோம். அப்பா ரயில் பெட்டி திருத்துகிறவர். அம்மாவுக்குச் சுருதி சேராது, ஆனால் நாள் முழுக்கப் பாடுவார். வீட்டில் அப்பாவைத் தவிரச் சத்தம் போடக்கூடிய ஒரே பொருள் ஒரு பழைய அக்கோடியன். அதை எடுத்து நானும் சத்தம் போட்டேன்" என்றார். நான், "இவர் ஓர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர்" என்றேன். சபை கைதட்டியது.

போர்க்காலத்தில் எப்படி வாழ்ந்தீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டார். "குளிர். நிலவறைக்குள் இருந்து பக்கத்து வீட்டுக்காரனோடு சீட்டு விளையாடினேன். அவன் ஒவ்வொரு நாளும் கள்ள விளையாட்டு விளையாடினான். இன்றைக்கும் அவனோடு பேசுவதில்லை" என்றார் ஸெனாத். நான், "இருள் சூழ்ந்த அந்நாட்களில் அயலவரோடு நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டார்" என்றேன். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். ரூபன் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டம் முடிந்ததும் ஸெனாத் கேட்டார், "அந்தச் சீட்டு விஷயத்துக்கு எங்கள் நாட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இங்கே அழுகிறார்கள். ஏன்?"

"எங்கட சனம் இளகின மனம்" என்றேன். அதையும் நம்பினார், நல்ல மனிதர்.

அடுத்த நாள் சித்தாண்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இசை நிகழ்ச்சி. வேனில் போகும்போது தன்னுடைய பெயர் பெற்ற பாட்டின் கதையைச் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அவர் விரும்பிய பெண் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அவளை அனுப்ப மனமில்லாமல் ஜன்னலைப் பார்த்து, மழையே நிற்காதே என்று பாடியிருக்கிறார். அந்தப் பெண்ணையே கல்யாணமும் முடித்தார். எட்டு வருடத்தில் விவாகரத்தும் ஆகிவிட்டது. பாட்டு மட்டும் அவரை விடவில்லை. போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் அகதிகளின் கல்யாண வீடுகளில் பாடிப் பிழைத்தபோதும் அதைத்தான் கேட்டார்களாம். ஊர் திரும்பி விளையாட்டு மைதானம் நிறையச் சனத்துக்குப் பாடியபோதும் அதையே கேட்டார்களாம். அவருடைய இரண்டாவது கல்யாணத்திலும் வாத்தியக்காரர்கள் அதையே வாசித்துவிட்டார்களாம்.

"நாற்பது வருடமாகப் பாடுகிறேன். முந்நூறு பாட்டு எழுதியிருக்கிறேன். ஜனங்களுக்கு ஒன்று போதும்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே மாசி மாதத்து வெயில். றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது.

அதை நானும் பார்த்தேன். பார்த்தும் மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை.

பள்ளிக்கூடத்தில் கிராமத்துச் சங்கத் தலைவர் தேநீரோடு வரவேற்றார். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதீங்க. அவர் பாடுற பாட்டு என்னத்தப் பத்தி?"

"ஏன் ஐயா?"

"வயல் வட்டையில பாதி இன்னும் வெட்டல்ல. வெட்டினது றோட்டில கிடக்கு. போன போகம் வெள்ளத்தோட போயிட்டு. இந்த நேரத்தில இஞ்ச ஒருத்தரும் மழ எண்டு வாயெடுக்கிறல்ல. அம்மன் கோயில்ல பாட்டுப் படிச்சு மழ இறக்கின ஊரு மிஸ் இது. காதல் பாட்டு எண்டாலும் பரவாயில்ல, சண்டைப் பாட்டு எண்டாலும் பரவாயில்ல. மழப் பாட்டு மட்டும் வேணாம்."

இந்த இடத்தில் நிறுத்தி உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. பத்தடி தூரத்தில் ஸெனாத் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய்த் தலைவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் யோசித்தது வேறு. இவ்வளவு பெரிய பாடகரிடம் உங்கள் பேர்போன பாட்டைப் பாடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? மனம் நோகுமே. அந்தப் பாட்டைத்தான் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று ரூபன் காலையிலிருந்து தவம் கிடக்கிறாரே. தலைவருக்கும் ஏன் வீண் கவலை? இவருடைய மொழி இங்கே யாருக்கு விளங்கப் போகிறது? இப்படி மூன்று பேருடைய மனத்தையும் நான் ஒருத்தியே காப்பாற்றினேன்.

"வெயிலப் பத்தின பாட்டு ஐயா. நல்ல வெயில் எறிக்கட்டும் எண்டு பாடுறார்" என்றேன்.

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்றரை மணிக்கு நிகழ்ச்சி. மூன்று மணிக்கு மைதானத்தில் இருநூறு கதிரையும் பதினெட்டுப் பேரும் இருந்தார்கள். அந்தப் பதினெட்டில் பன்னிரண்டு பேர் வரவேற்பு நடனப் பிள்ளைகள். ரூபன் வியர்த்து வழிய ஓடிவந்தார். "மிஸ், நீங்க சொன்னாச் சனம் கேக்கும்" என்றார். ஆள் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. புகழ்ச்சிக்கு மயங்குவதும் இல்லை. இரண்டையும் செய்தேன்.

சனமெல்லாம் றோட்டில் நெல்லோடு நின்றது. பள்ளிக்கூட மதிலுக்கு நேரே யோகம்மா என்றொரு பெண் படங்கு விரித்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் நடப்பவர் போலப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார், ஒரு மணி நெல் காலில் மிதிபடக் கூடாது என்று. ஒரு படங்கில் வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றப் படங்கில் அடுத்த போகத்துக்கு விதைநெல். போன போகம் வெள்ளம் எல்லாவற்றையும் கொண்டுபோனதால் இம்முறை விதைநெல்லுக்கு அலைந்த அலைச்சலை அவரே சொன்னார்.

"பாட்டுக் கேக்க ஆசைதான் மிஸ். ஆனா கிழக்கால கறுத்துக் கிடக்கு. நான் இஞ்ச இருந்து நகர ஏலா" என்றார்.

நான் கிழக்கே பார்த்தேன். ஒரு கைக்குட்டை அளவு கறுப்பு.

"அது மழ இல்ல யோகம்மா. பாட்டும் வெயிலப் பத்தினதுதான். வந்து இருங்க. நான் மேடையில கிழக்கப் பாத்துத்தான் நிப்பன். மழக் குணம் கண்டா நானே மைக்கில உங்களுக்குச் சொல்லுவன்."

"மெய்யா?"

"மெய்யாத்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தான் மட்டும்தான் கெடும். நான் அதைவிடப் பெரிய பிராணி. யோகம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வருவதைப் பார்த்து றோட்டில் நின்ற எல்லோரும் வந்தார்கள். கதிரை போதாமல் போனது.

மங்கல விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரைகள் ஐந்து. பிறகு பொன்னாடை. சங்கம் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, நிறுவனம் ஒன்று, சொந்தமாக நாலு பேர் ஆளுக்கொன்று. ஏழாவது பொன்னாடைக்கு ஸெனாத் என் காதில், "இவர்கள் எனக்குக் குளிர்கிறது என்று நினைக்கிறார்களா?" என்று கேட்டார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. எல்லாம் முடிந்து கிற்றாரைக் கையில் எடுக்கும்போது ஐந்து மணி.

மூன்று பாட்டுப் பாடினார். சனம் மரியாதையாகக் கேட்டது. நாலாவதாக அந்தப் பாட்டு. பாட்டுக்காரர் என்றால் அவர்தான். முதல் வரியிலேயே பிள்ளைகள் நிமிர்ந்துவிட்டார்கள். திருப்பி வரும் அடியில் 'கீஷோ, கீஷோ' என்று ஒரு சொல் வருகிறது. அவருடைய மொழியில் மழையே, மழையே என்று அர்த்தம். இரண்டாம் முறை வரும்போது அவர் கையைக் காதில் வைத்து, நீங்களும் பாடுங்கள் என்று சைகை காட்டினார்.

பாடினார்கள். பிள்ளைகள் பாடினார்கள், தலைவர் பாடினார், பொன்னாடை போர்த்தியவர்கள் பாடினார்கள். யோகம்மா எழுந்து நின்று கைதட்டிப் பாடினார். சித்தாண்டிப் பக்கத்து மாசி அறுவடையில், காய்கிற நெல்லுக்குப் பக்கத்தில் நின்று, ஓர் ஊரே சேர்ந்து மழையைக் கூப்பிட்டது. அது மொத்தச் சபையிலும் எனக்கும் ஸெனாத்துக்கும் மட்டும் தெரியும். அவருக்கு நெல்லைப் பற்றித் தெரியாது.

சிரிப்பு வந்ததை ஒத்துக்கொள்கிறேன். பிறகு கிழக்கே பார்த்தேன். கைக்குட்டை படங்காகியிருந்தது. சபையின் முதுகுப்புறம் முழுக்கக் கறுத்து, தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மைக் என் கையில்தான் இருந்தது.

பாட்டு முடியட்டும் என்று நினைத்தேன். ரூபனின் கமெரா ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அதிகாரிகள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இடையில் மழை என்று கத்தினால் மரியாதையா? இன்னொரு உண்மையும் இருக்கிறது. இருபத்தைந்து வருடத்தில் நான் நின்ற ஒரு மேடையிலும் சனம் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நிமிடம், கூடினால் மூன்று. யோகம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் படங்கை மடித்து நெல்லை மூட அந்த நேரம் போதுமாக இருந்திருக்கும்.

முதல் துளி மைக்கில் விழுந்து 'டொக்' என்றது. அப்போதுதான் வாய் திறந்தேன். "மழ!" என்றேன். அன்றைக்கு முழு நாளும் நான் சொன்ன முதல் உண்மை அது. யாருக்கும் உதவவில்லை.

"நெல்லு! நெல்லு! ஓடுங்ககா!" என்று யாரோ கத்தினார்கள். கதிரைகள் விழ, சனம் முழுக்க மதிலைத் தாண்டியது. ஸெனாத் ஒன்றும் விளங்காமல் நின்றார். பிறகு கிற்றாரை மேடையில் போட்டுவிட்டு ஓடினார். ஏழு பொன்னாடையையும் கழற்றி யோகம்மாவின் நெல்லின் மேல் விரித்தார். பொன்னாடையால் ஒரு பிரயோசனம் உண்டென்று அன்றுதான் கண்டேன், அதுவும் போதவில்லை. சாப்பாட்டு நெல்லை ஒருவாறு கூட்டி மூடினார்கள். விதைநெல் படங்கில் தண்ணீர் ஏறி, பாதி றோட்டோர வடிகானுக்குள் போனது. யோகம்மா கானுக்குள் இறங்கி இரண்டு கையாலும் அள்ளினார். நானும் அள்ளினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

மழை கால் மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. வகுப்பறை விறாந்தையில் நனைந்து உட்கார்ந்திருந்தபோது, எல்லோரும் ஏன் ஓடினார்கள், நெல் ஏன் றோட்டில் கிடந்தது என்று ஸெனாத் கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். தலைவர் கேட்டது, நான் வெயில் என்றது, எல்லாம். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

"நாற்பது வருடமாக ஒவ்வொரு இரவும் இந்தப் பாட்டைப் பாடு என்கிறார்கள். இதைப் பாடாதே என்று கேட்ட ஒரே மனிதர் உலகத்தில் இந்த ஊரில் இருந்திருக்கிறார்" என்றார். "நான் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன். நீ என்னிடம் கேட்கவே இல்லையே."

அவருடைய மனம் நோகும் என்று நான் பயந்தேன் அல்லவா, அந்த மனம் நோகாது என்பது பத்தடி நடந்திருந்தால் தெரிந்திருக்கும். மற்றவர் மனத்தை நாங்களாகவே ஊகித்து அதற்கு மருந்தும் கட்டுவது எங்கள் தொழிலில் பெரிய வசதி. நடை மிச்சம்.

தலைவரிடமும் சொன்னேன். தாறுமாறாக ஏசுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ், வாற ஐப்பசியில மழ பிந்தினா, இந்த மனிசனக் கூப்பிட்டா வருவாரா?" என்று கேட்டார். ரூபன் அன்றிரவே அனுப்பிய அறிக்கையில், 'கொட்டும் மழையையும் பொருட்படுத்தாது மக்கள் உற்சாகமாகப் பங்குபற்றினர்' என்று இருந்தது. சனம் நெல்லைக் காப்பாற்ற ஓடிய படத்துக்குக் கீழே 'ஆனந்தக் களிப்பு' என்று போட்டிருந்தார். அதை ஆங்கிலத்தில் தரச் சொல்லி எனக்குத்தான் அனுப்பினார். மொழிபெயர்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆக, ஒருவருக்கும் என்மேல் கோபமில்லை. மேலதிகமாக அன்றிரவே மின்னஞ்சலில் ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

அதனால்தான் மறுநாள் காலை பஸ் ஏறித் தனியே அந்த ஊருக்குப் போனேன். யோகம்மா வீட்டு முற்றத்தில் எஞ்சிய விதைநெல்லைப் பரப்பியிருந்தார். குனிந்து ஒவ்வொரு பிடியாக அள்ளி, முளை எடுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முளைத்தால் விதைக்கு ஆகாது. எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அது மழையைக் கூப்பிடுகிற பாட்டு என்றேன். தெரிந்துகொண்டே வெயில் என்று சொன்னேன் என்றேன். உங்கள் வாயாலேயே மழையைக் கூப்பிட வைத்துவிட்டேன், அந்தப் பாட்டை நிறுத்தியிருக்க வேண்டும் என்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

அவர் கையிலிருந்த நெல்லை ஊதிப் பார்த்தார்.

"பாட்டுக் கேட்டு மழ வாறல்ல மிஸ்" என்றார். "மழக் குணம் கண்டாச் சொல்லுவன் எண்டீங்க. நான் உங்கட சொல்லக் கேட்டுத்தான் வந்தனான்."

பிறகு குனிந்து அடுத்த பிடியை அள்ளினார்.